கார் பேட்டரி வாரண்டி: முதல் எண்ணுக்கே காசு கொடுங்கள்

கார் பேட்டரி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது விலை, அடுத்துக் கேட்பது "எத்தனை மாசம் வாரண்டி?" "அறுபது மாசம் சார்" என்று கடைக்காரர் சொன்னால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று புரிந்துகொண்டு வாங்குகிறவர், நாலாவது வருஷம் கார் செல்ஃப் எடுக்காமல் நிற்கும் காலையில் கடை வாசலில் வாக்குவாதம் செய்துகொண்டிருப்பார். நம் நாட்டில் விற்கும் கார் பேட்டரிகளின் வாரண்டி பெரும்பாலும் இரண்டு துண்டாகவே வருகிறது. பெட்டியிலும் கார்டிலும் 30+30, 24+24, 18+18 என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் இலவச மாற்றுக் காலம். அதற்குள் தயாரிப்புக் குறையால் பேட்டரி போனால் காசு வாங்காமல் வேறு பேட்டரி தர வேண்டும். இரண்டாவது எண் புரோ-ரேட்டா காலம். அதற்குள் போனால் புதிய பேட்டரியை நீங்கள்தான் வாங்க வேண்டும். விலையில் ஒரு பங்கை மட்டும் கழித்துக்கொடுப்பார்கள். நீங்கள் உண்மையில் காசு கொடுத்து வாங்கும் வாரண்டி முதல் எண் மட்டுமே. அதுவும், வாங்கும் நாளிலேயே காகித வேலையைச் சரியாக முடித்தவருக்குத்தான் கைக்கு வரும். இரண்டு எண்ணையும் கூட்டிச் சொல்லும் மொத்தத்தை விலை பேசும்போது கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

இது கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். "இலவசமாகத் தராவிட்டாலும் தள்ளுபடியாவது தருகிறார்களே, அதற்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்பது நியாயம்தான். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எம்.ஆர்.பி. 6,000 ரூபாய் போட்ட ஒரு பேட்டரி, 30+30 வாரண்டி. யாரும் அதை 6,000 கொடுத்து வாங்குவதில்லை. கடையில் 5,200-க்குக் கிடைக்கிறது. பழைய பேட்டரியைக் கொடுத்தால் அதன் ஈயத்துக்காக இன்னொரு 800 கழிகிறது. கையிலிருந்து போவது 4,400. இப்போது அந்தப் பேட்டரி 45-வது மாதத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டில் உள்ள அட்டவணைப்படி அந்த மாதத்துக்கு 25 சதவீதம் தள்ளுபடி. இந்தத் தள்ளுபடி வழக்கமாக எம்.ஆர்.பி. மீதுதான் கணக்காகும். ஆக 6,000-இல் 1,500 போக நீங்கள் கட்ட வேண்டியது 4,500. பழைய பேட்டரியை வாரண்டிக்காக ஒப்படைத்துவிட்டதால் அதற்குத் தனியாகக் காசு கிடையாது. அதாவது வாரண்டியைப் பயன்படுத்தினால் 4,500; வாரண்டியை மறந்துவிட்டு, பழைய பேட்டரியைக் கொடுத்துச் சாதாரணமாக வாங்கினால் 4,400. இந்தக் கணக்கில் தள்ளுபடி ஏறக்குறைய 27 சதவீதத்தைத் தாண்டினால்தான் புரோ-ரேட்டாவால் ஒரு ரூபாயாவது மிச்சம். இலவசக் காலம் முடிந்த உடனே வரும் சில மாதங்களில் அந்த அளவு கிடைக்கலாம். அட்டவணை இறங்க இறங்க அது காணாமல் போகிறது. உங்கள் ஊர்க் கடையின் எண்கள் வேறாக இருக்கும், கணக்கின் வழி இதுதான். வாங்கும்போதே கடைக்காரரிடம் அட்டவணையைக் காட்டச் சொல்லி, தள்ளுபடி எந்த விலையின் மீது, பழைய பேட்டரிக்குக் கழிவு உண்டா என்ற இரண்டு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

இதைத் தெரிந்துகொண்டவருக்கு, பேட்டரிகளை ஒப்பிடும் முறையே மாறிவிடும். 48 மாதம் என்று சொல்லும் இரண்டு பேட்டரிகளில் ஒன்று 24+24 ஆகவும் மற்றொன்று 36+12 ஆகவும் இருக்கலாம். விளம்பரத்தில் இரண்டும் ஒன்று. வாங்குகிறவருக்கு இரண்டாவது ஒரு முழு வருஷம் கூடுதல். கைக்கு ஆகும் விலையை இலவச மாதங்களால் வகுத்துப் பாருங்கள். 3,960 ரூபாய்க்கு 18 மாதம் இலவசம் என்றால் மாதம் 220 ரூபாய். 4,320-க்கு 24 மாதம் என்றால் 180. வெறும் 360 ரூபாய் மிச்சம் பிடிக்க முதலாவதை வாங்குகிறவர் உண்மையில் அதிக விலை கொடுக்கிறார். காரை இன்னும் ஒரு வருஷத்தில் விற்கப்போகிறவருக்கு இந்த வகுத்தல் பொருந்தாது. அவர் குறைந்த வாரண்டியே வாங்கிக்கொள்ளலாம்.

நீண்ட வாரண்டி கொடுக்கும் நிறுவனம் தன் பொருளை நம்புகிறது, ஆகவே அது நல்ல பேட்டரி என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இதில் பாதி உண்மை. எக்ஸைடு, அமரான் போன்ற எந்தப் பெரிய பெயரை எடுத்தாலும், ஒரே காருக்குப் பொருந்தும் பேட்டரியே குறைந்த வாரண்டி, நடு வாரண்டி, அதிக வாரண்டி என்று பல மாடல்களில் கிடைக்கும். இலவசக் காலத்தில் திரும்பி வரும் ஒவ்வொரு பேட்டரியும் நிறுவனத்துக்கு நேரடி நஷ்டம் என்பதால், முதல் எண்ணை யோசிக்காமல் பெரிதாக்க முடியாது. அந்த அளவுக்கு முதல் எண் தரத்துக்கு ஒரு சாட்சிதான். ஆனால் மொத்த எண்ணுக்கு அந்தச் சாட்சி மதிப்பு கிடையாது. மேலே பார்த்த கணக்குப்படி புரோ-ரேட்டா மாதத்தைக் கூட்டுவதால் நிறுவனத்துக்குப் பெரிய செலவில்லை. அதை எவ்வளவு நீட்டினாலும் தாங்கும். மேலும் வாரண்டி என்பது பேட்டரியின் ஆயுள் கணிப்பும் அல்ல. 30 மாத இலவசக் காலம் உள்ள பேட்டரி ஐந்து வருஷம் ஓடுவதும் உண்டு, இரண்டே வருஷத்தில் வாரண்டிக்கு வெளியே உள்ள காரணத்தால் போவதும் உண்டு.

அந்த "வெளியே உள்ள காரணம்"தான் சண்டையெல்லாம் பிறக்கும் இடம். வாரண்டி பொறுப்பேற்பது தயாரிப்புக் குறைக்கு மட்டுமே. சார்ஜ் இறங்கிய பேட்டரி குறையுள்ள பேட்டரி அல்ல. இந்த ஒரு வேறுபாடு தெரியாததால் கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் ஏராளம். கார் பேட்டரிக்குள் ஆறு செல்கள் தொடராக இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். நல்ல நிலையில் முழு சார்ஜோடு, சில மணி நேரம் ஓய்வில் இருக்கும் பேட்டரியின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6-க்கு மேல் காட்டும். 12.0 அல்லது அதற்குக் கீழே காட்டினால் பேட்டரி ஏறக்குறையக் காலி. அதைச் சார்ஜரில் போட்டு, ஏறிய பிறகு 12.6-இல் நின்றால் பெரும்பாலும் பேட்டரியில் குறையில்லை, வேறெங்கோ மின்சாரம் கசிந்திருக்கலாம். மாறாக, எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் 10.5 பக்கம்தான் நிற்கிறது என்றால் ஆறில் ஒன்று செத்துவிட்டது. மெக்கானிக்குகள் "ஒரு செல் போயிடுச்சு" என்று சொல்வது இதைத்தான். வாரண்டியில் தயங்காமல் கேட்க வேண்டிய நிலை இது. மூடியில் உள்ள சிறு கண்ணாடி வட்டம், மேஜிக் ஐ, பச்சையாகத் தெரிகிறதே என்று நம்பி இருந்துவிட வேண்டாம். அது பார்ப்பது ஆறு செல்லில் ஒன்றை மட்டும். மற்ற ஐந்தில் எது போனாலும் அது பச்சையாகவே இருக்கும்.

அதனால்தான் கடையில் கொடுத்தவுடன் மாற்றித் தராமல் ஒரு நாளோ இரண்டு நாளோ சார்ஜில் போட்டு, ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு செல்லின் அமில அடர்த்தியையும் பார்த்து, லோடு டெஸ்டரில் சோதிக்கிறார்கள். இழுத்தடிக்கிறார்கள் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சோதனை இல்லாமல் யாரும் குறையை உறுதி செய்ய முடியாது. நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: சோதனை முடியும்வரை ஓட்ட ஒரு ஸ்டாண்ட்பை பேட்டரி, சோதனையில் வந்த எண்கள் எழுதிய ஒரு சீட்டு. எண் இல்லாமல் "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள்.

கசிவு எப்படி வேலை செய்கிறது என்பதையும் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். சாவி எடுத்த பிறகும் கடிகாரம், அலாரம், நினைவகங்கள் என்று கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்துக்குள் சுத்தமாகக் காலி. அதற்கு முன்பே செல்ஃப் எடுக்காது. இதோடு டேஷ்கேம், ஜி.பி.எஸ். கருவி, ஆம்ப்ளிஃபயர் என்று பின்னால் மாட்டியவையும் சேர்ந்தால் இரண்டு வாரமே போதும். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் காரை மூடி வைத்திருப்பவர்களுக்குப் பேட்டரி அடிக்கடி போவது இதனால்தான். காலியான நிலையிலேயே கிடக்கும் பேட்டரியில் தகடுகள் மீது சல்பேட் படிந்து கெட்டியாகி, பிறகு சார்ஜ் ஏறவே ஏறாது. அப்போது அது நிஜமாகவே கெட்ட பேட்டரிதான், ஆனால் கெடுத்தது தயாரிப்பு அல்ல. வாரண்டி மறுக்கப்பட்டால் அதில் அநியாயம் இல்லை. மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைப்பதுதான் மருந்து.

வெயில் இன்னொரு காரணம். பேட்டரியின் அளவீடுகள் 25 டிகிரி செல்சியஸை ஒட்டியவை. அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது துறையில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் தோராயக் கணக்கு. வேலூரிலோ மதுரையிலோ மே மாதத்தில் என்ஜின் பெட்டிக்குள் பேட்டரி படும் பாட்டை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். சூடு தகட்டின் கட்டத்தை அரிக்கிறது, நீரைக் குறைக்கிறது. சேதம் சமவெளியில் நடக்கும். ஊட்டியில் ஒரு குளிர் காலையில் வண்டி கிளம்பாதபோதுதான் அது தெரியவரும். வெயிலைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க மாட்டார்கள். ஆனால் சார்ஜ் அமைப்பின் கோளாறைக் காட்டி மறுக்க முடியும், பெரும்பாலான கார்டுகளில் அதற்கு வாசகம் இருக்கிறது. ஆகவே புதுப் பேட்டரி மாட்டிய அன்றே என்ஜினை ஓடவிட்டு முனைகளில் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணமாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். (பிரேக் பிடிக்கும்போது சேமிக்கும் ஹைபிரிட் வகைக் கார்களில் கணினியே இதை ஏற்றி இறக்கும், அவற்றுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது.) அந்த எண்ணைப் பில்லின் பின்னால் தேதியோடு எழுதி வாங்கிவிட்டால், "உங்க ஆல்டர்னேட்டர்தான் பேட்டரியைச் சாப்பிட்டுடுச்சு" என்ற பதிலுக்கு உங்கள் கையில் ஒரு எழுத்துச் சாட்சி இருக்கும்.

தவிர்க்கக்கூடிய மற்ற மறுப்புகளும் கார்டிலேயே இருக்கின்றன, படிப்பவர்தான் குறைவு. தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறெதுவும் ஊற்றக் கூடாது, குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், ஆசிட் வேண்டவே வேண்டாம். கார் பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டினால் வாரண்டி போச்சு. சிக்னலில் தானாக அணைந்து கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களுக்கு ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகைப் பேட்டரி வேண்டும் என்று கார் நிறுவனம் சொல்லியிருந்தால் அதையே மாட்ட வேண்டும். விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரியை மாட்டினால் அது சீக்கிரம் போகும், போனால் பொருத்தமில்லாத பேட்டரி என்று திருப்பி அனுப்புவார்கள். மஞ்சள் போர்டு வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சொந்த உபயோகக் காருக்குச் சொல்லும் மாதங்கள் டாக்சிக்குப் பெரும்பாலும் கிடையாது, கார்டில் அதற்குக் குறைந்த எண் இருக்கும். பெட்டியின் மேல் உள்ள பெரிய எழுத்தை நம்பி வாங்காமல் டாக்சிக்கு எத்தனை மாதம் என்று கேட்டு வாங்குங்கள்.

இனி காகிதம். பேட்டரியைக் காரில் இறக்குவதற்கு முன்பே அதன் மேலுள்ள தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்ட அளவியல் விதிகளின்படி அது இருந்தே ஆக வேண்டும். ஈய-அமிலப் பேட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும், சூட்டில் இன்னும் வேகமாக. இரண்டு மூன்று மாதத்துக்குள் தயாரானதாகக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கிடந்ததை, தள்ளுபடி கொடுத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்து, பேட்டரி உடலில் பொறித்த சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் கார்டில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கார் பதிவு எண், விற்ற தேதி, டீலர் முத்திரை மூன்றும் வேண்டும். இப்போது பல நிறுவனங்கள் டீலரின் போனிலிருந்தே வாரண்டியைப் பதிவு செய்கின்றன. உங்கள் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும்வரை கடையை விட்டுக் கிளம்பாதீர்கள். "பில் வேணாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்ற பேச்சு வந்தால் மறுத்துவிடுங்கள். பில் இல்லாவிட்டால் வாங்கிய தேதியை நிரூபிக்க வழியில்லை. தயாரிப்புத் தேதியிலிருந்தே மாதத்தை எண்ணும் நிறுவனங்களும் உண்டு. கேட்டும் பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை.

"நமக்குத் தெரிந்த கடைக்காரர், இருபது வருஷப் பழக்கம், அவர் பார்த்துக்கொள்வார்" என்று நினைப்பவர்களின் நம்பிக்கையைக் குறைத்துச் சொல்ல விருப்பமில்லை. நல்ல டீலர் உங்களுக்காக நிறுவனத்திடம் வாதாடுவார், அது பெரிய உதவி. ஆனால் மாற்றிக் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்வது பேட்டரி நிறுவனம். அவர்களுக்குப் பழக்கம் தெரியாது, சீரியல் எண்தான் தெரியும். கடை இடம் மாறலாம், நீங்கள் ஊர் மாறலாம். திருநெல்வேலியில் வாங்கிய பேட்டரி ஓசூரில் போனால் அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் நீட்ட உங்களிடம் இருக்கப்போவது பில்லும் பதிவும் மட்டுமே. இணையத்தில் வாங்குகிறவருக்கும் இதுவே அளவுகோல்: விற்பவர் அங்கீகரிக்கப்பட்டவரா, பில் உங்கள் பெயரில் வருமா, வாரண்டிப் பதிவு யார் செய்வார்கள்.

மாற்றிக் கொடுத்த பிறகும் ஒரு தவறான நம்பிக்கை மிச்சமிருக்கிறது. இலவசமாகக் கிடைத்த புதுப் பேட்டரிக்குப் புதிதாக 30 மாதம் தொடங்காது. பழைய வாரண்டியில் மீதமிருந்த காலம் மட்டுமே அதற்கு உண்டு. 28-வது மாதத்தில் மாற்றினால் இலவசக் காலம் இன்னும் இரண்டே மாதம். 30 மாதச் சேவைக்குத்தான் வாக்குக் கொடுக்கப்பட்டது என்பதால் இது நியாயமான நிபந்தனைதான், ஆனாலும் புதிய பேட்டரி முழுசாக உங்களுக்கு லாபம். அதனாலேயே, பேட்டரி லேசாக மக்கர் செய்யத் தொடங்கினால் ஜம்ப் ஸ்டார்ட் போட்டு ஓட்டி நாளைக் கடத்தாமல், இலவசக் காலம் முடிவதற்கு ஓரிரு மாதம் முன்னதாகவே சோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். புதுக் காரோடு வந்த பேட்டரிக்கும் ஒரு வார்த்தை: காரின் வாரண்டி மூன்று வருஷம் என்றாலும் பல கார் நிறுவனங்கள் பேட்டரியையும் டயரையும் அதிலிருந்து விலக்கி, அவற்றைத் தயாரித்தவர்களின் பொறுப்பில் விட்டுவிடுகின்றன. கார் கையேட்டில் பேட்டரிக்கான பக்கத்தைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால்? மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஒரு பேட்டரிக்காக வழக்கா என்று தயங்குகிறவர்கள் சட்டம் எவ்வளவு எளிதாக்கித் தந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். இணைய வழியிலும் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சொந்தப் பிழைப்புக்காகத் தானே டாக்சி ஓட்டுகிறவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.